டெலிவரிக்கு அப்புறம் வந்த காய்ச்சல்: என் கேஸ் ஷீட்லயே பாதி கதை இருந்துச்சு

குழந்தை பொறந்த வீட்ல தெர்மாமீட்டர் யாருக்குன்னு கேட்டா எல்லாரும் குழந்தைக்குன்னுதான் சொல்லுவாங்க. நாங்களும் அதுக்குத்தான் வாங்குனோம். ஆனா முதல் தடவை அதுல 39 காட்டுனது எனக்கு.

எனக்கு அப்புறம் குழந்தை பெத்த சொந்தக்கார பொண்ணுங்க, கூட வேலை பாக்குறவங்கன்னு ஒவ்வொருத்தரா போன் பண்ணி ஒரே கேள்வியதான் கேக்குறாங்க, "அக்கா, லேசா ஜுரம் அடிக்குது, பால் கட்டுனதாலயா இருக்குமா, இல்ல டாக்டர்கிட்ட போகணுமா"ன்னு. எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கும் அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. சிசேரியனுக்கு அப்புறம் கர்ப்பப்பைல இன்ஃபெக்ஷன் ஆகி திரும்ப அட்மிட் ஆகி கெடந்தவ, அது ஏன் எனக்கு வந்துச்சுன்னு டாக்டரை தொணதொணன்னு கேட்டு தெரிஞ்சுகிட்டவ, அவ்ளோதான்.

மொதல்ல என் டெலிவரி எப்படி நடந்துச்சுன்னு சொல்லிடுறேன், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடியே எனக்கு பனிக்குடம் உடைஞ்சிருச்சு. அட்மிட் ஆகி, வலி வர மருந்து ஏத்தி, ராத்திரி முழுக்க இழுத்து, விடிஞ்சு, மறுபடி இருட்டுற வரைக்கும் போச்சு. நடுவுல கர்ப்பப்பை வாய் எவ்ளோ திறந்திருக்குன்னு கைய விட்டு பாத்துகிட்டே இருந்தாங்க, ஷிஃப்ட் மாறுனா புதுசா வந்தவங்க ஒரு தடவை, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா ஒரு தடவை, கத்துக்குறவங்க வந்தா அவங்க ஒரு தடவை, நான் எண்றதையே விட்டுட்டேன். கடைசியில திறக்குறது பாதியிலயே நின்னுபோச்சு, எனக்கு உடம்பு சுடுது, குழந்தையோட ஹார்ட்பீட் ஏறிகிட்டே போகுது, இனிமே காத்திருக்க முடியாதுன்னு தியேட்டருக்கு தள்ளிட்டு போயிட்டாங்க. ரத்தமும் கொஞ்சம் அதிகமா போச்சு, ஹீமோகுளோபின் எனக்கு மாசமா இருக்கும்போதே கம்மிதான்.

இப்ப நீங்க படிச்சீங்களே அந்த ஒரு பாரா, அதுல கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியும் ஒரு ரிஸ்க். எனக்கு அது அப்ப தெரியாது. எனக்கு அது "ரொம்ப கஷ்டப்பட்ட டெலிவரி", அவ்ளோதான். டாக்டருக்கு அதே கதை "இந்த அம்மாவுக்கு இன்ஃபெக்ஷன் வர நல்லாவே வாய்ப்பு இருக்கு, கண்ணு வெச்சுக்கணும்". இந்த ரெண்டு பார்வைக்கும் நடுவுல இருக்குற கேப்புலதான் நெறைய பேர் மாட்டிக்குறாங்கன்னு நான் நெனைக்கிறேன். அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரை சீட்டு மட்டும் வாங்கிட்டு வராம, எனக்கு என்ன என்ன நடந்துச்சு, அதனால வீட்ல எதை கவனிக்கணும்னு நின்னு கேட்டுட்டு வாங்க.

எனக்கு ஒரு நல்ல சிஸ்டர் வாய்ச்சாங்க. கெளம்புற நேரத்துல, எல்லாரும் குழந்தைய துணியில சுத்துறதுல பிஸியா இருக்கும்போது அவங்க மட்டும் என்கிட்ட வந்து, "இங்க பாரும்மா, உனக்கு தண்ணி உடைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு எடுத்த சிசேரியன், வீட்ல தினமும் ரெண்டு வேளை டெம்பரேச்சர் பாரு, 38 தொட்டுச்சுன்னா பால் ஜுரம் அது இதுன்னு யார் சொன்னாலும் கேக்காத, நேரா இங்க வந்துடு"ன்னாங்க. ஃபாரன்ஹீட்ல பாக்குறவங்களுக்கு அது 100.4. பிரசவத்துக்கு அப்புறம் டாக்டர்கள் கோடு போட்டு வெச்சிருக்கிற நம்பர் அதுதான். முதல் 24 மணி நேரத்துல வர்ற லேசான சூட்டை அவ்வளவா கணக்குல எடுக்க மாட்டாங்க, உடம்பு பட்ட பாட்டுலயும் தண்ணி வத்துனதுலயும் கூட அது வரும். அதுக்கு அப்புறம் 38 வந்தா காரணம் தேடியே ஆகணும்.

வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு நாள்லயே எனக்கு ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல குளிர். போர்வைக்கு மேல போர்வை போட்டும் பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. அடிவயித்துல வலி, ஆனா தையல் போட்ட எடத்துல இல்ல, அதுக்கும் உள்ள, கை வெச்சு அமுக்குனா உயிர் போகுது. பேட் மாத்தும்போது ஒரு கெட்ட வாடை, சாதாரண ரத்த வாடை இல்ல, அழுகுன மாதிரி. எங்க அம்மா வந்து நெத்தியில கை வெச்சு பாத்துட்டு, "பால் கட்டியிருக்கும்டி, குழந்தைய போட்டு நல்லா குடிக்க விடு, சரியாயிடும்"னாங்க. அம்மாவை குறை சொல்லல, பால் கட்டுனாலும் சூடு வரும்தான். ஆனா அது எப்படி இருக்கும்னா, பால் எறங்குற அந்த முதல் சில நாள்ல, ரெண்டு மார்பும் கல்லு மாதிரி கனக்கும், சூடு லேசா வந்து ஒரு நாளுக்குள்ள அடங்கிடும். குளிர் நடுக்கம், 39, அடிவயித்து வலி, வாடை, இதெல்லாம் பால் கட்டுற கணக்குல வராது.

எங்க வீட்டுக்காரர்தான் தெர்மாமீட்டரை எடுத்து வெச்சு பாத்துட்டு, ஒண்ணும் பேசாம ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாரு. இங்க ஒரு சின்ன விஷயம், ஆனா ரொம்ப உபயோகமானது. போன்லயோ எமர்ஜென்சி வாசல்லயோ "காய்ச்சல் அடிக்குது"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா உங்களை எல்லா காய்ச்சல்காரங்களோட வரிசையிலயும் உக்கார வெச்சுடுவாங்க. "குழந்தை பொறந்து ஒரு வாரம் கூட ஆகல, சிசேரியன், இப்ப காய்ச்சல் 39, குளிர் நடுக்கம், வெள்ளைப்போக்குல வாடை"ன்னு இந்த வரிசையில சொல்லுங்க. டெலிவரி ஆகியிருக்குங்கிறதுதான் மொதல்ல வரணும். நாலஞ்சு வாரம் ஆகியிருந்தாலும் சொல்லுங்க, ஏன்னா பிரசவம் சம்பந்தப்பட்ட இன்ஃபெக்ஷனை 42 நாள் வரைக்கும் கணக்குல எடுப்பாங்க, ஆனா அந்த நேரத்துல நம்மள பாக்குற டூட்டி டாக்டருக்கு நம்ம வயித்த பாத்து அது தெரியாது.

அட்மிட் ஆன ஒடனே அவங்க பாத்தது காய்ச்சலை மட்டும் இல்ல. நாடி எவ்ளோ, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, பிரஷர், யூரின் எவ்ளோ போகுது, கேள்வி கேட்டா தெளிவா பதில் சொல்றேனா, இதையெல்லாம் குறிச்சாங்க. ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமின்னு வளத்து பாக்குற டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, யூரினும் அனுப்புனாங்க, உள்ள நச்சுக்கொடி துண்டு ஏதாவது தங்கியிருக்கான்னு ஸ்கேன் பண்ணாங்க. கல்ச்சர் ரிசல்ட்டுக்கு காத்திருக்கல, ரத்தம் எடுத்த கையோட ட்ரிப்ஸ்ல ஆன்டிபயாட்டிக் ஏத்திட்டாங்க. எனக்கு போட்டது கிளிண்டாமைசினும் ஜென்டாமைசினும், கர்ப்பப்பை இன்ஃபெக்ஷனுக்கு ரொம்ப வருஷமா குடுத்துட்டு வர்ற ஜோடி அது, ஏன்னா இது ஒரே ஒரு கிருமியால வர்றது இல்ல, பல வகை கிருமி சேந்து பண்ற வேலை, ஒரு மருந்து மட்டும் எல்லாத்தையும் புடிக்காது. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ரெண்டு நாள் ஆகுற வரைக்கும் ஊசியிலயே வெச்சிருந்தாங்க. சரியான மருந்து போச்சுன்னா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கிடும், எறங்கலைன்னா உள்ள சீழ் கட்டியிருக்கா, இடுப்பு ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு தேடுவாங்களாம். எனக்கு அந்த அளவுக்கு போகல.

கொஞ்சம் தெளிஞ்சதும் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை புடிச்சு கேட்டேன், ஏன் எனக்கு, பக்கத்து பெட்ல இருந்தவங்களுக்கும் சிசேரியன்தானே, அவங்க நல்லாத்தானே போனாங்கன்னு. அவங்க பொறுமையா கேஸ் ஷீட்டை பொரட்டி ஒவ்வொண்ணா சொன்னாங்க. அதை என் பாஷையில சொல்றேன்.

பனிக்குடம் இருக்குற வரைக்கும் அது ஒரு கதவு. நம்ம பிறப்புறுப்புல எப்பவுமே கிருமிங்க இருக்கும், அது அங்க இருக்குற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. தண்ணி உடைஞ்சா அதுங்க மேல ஏற ஆரம்பிக்கும், நேரம் ஆக ஆக ஏறிகிட்டே இருக்கும், 18 மணி நேரம் தாண்டிட்டா அதை ஒரு ரிஸ்க்காவே எழுதிடுவாங்க. அப்படி தண்ணி உடைஞ்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவை கைய விட்டு பாக்கும்போதும், எவ்ளோ சுத்தமான கிளவுஸா இருந்தாலும், கீழ இருக்குறதை கொஞ்சம் மேல தள்ளித்தான் விடும். அதனாலதான் பிரசவ வலி சரியா போயிட்டு இருந்தா நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்தா போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "இப்ப பாக்குறது அவசியமா, போன தடவை பாத்தது எழுதியிருக்கா"ன்னு கூட இருக்குறவங்க மரியாதையா கேக்கலாம், சண்டையா கேக்க வேணாம், ஆனா கேக்கலாம். வலியில கெடக்குற நம்மளால அதை கேக்க முடியாது, அதனால கூட வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும்.

அப்புறம் சிசேரியன். எல்லா ரிஸ்க்கையும் வரிசைப்படுத்துனா தலையில இருக்குறது இதுதான், அதுலயும் வலி வந்து தண்ணி உடைஞ்சு மணிக்கணக்கா போராடிட்டு கடைசியில எடுக்குற சிசேரியன்தான் மோசம், முன்கூட்டியே நாள் குறிச்சு எடுக்குறது அவ்ளோ இல்ல. ஏன்னா கர்ப்பப்பையை கிழிக்கும்போது ஏற்கனவே ஏறி உக்காந்திருக்குற கிருமி வெட்டுன சதையில நேரா எறங்குது. இதுக்குத்தான் கத்தி வெக்குறதுக்கு முன்னாடியே, ஒரு மணி நேரத்துக்குள்ள, ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் போடுறது இப்ப வழக்கம். முன்னாடியெல்லாம் குழந்தைய எடுத்து கொடியை கட் பண்ணதுக்கு அப்புறம்தான் போட்டுட்டு இருந்தாங்க, முன்னாடியே போட்டா அம்மாவுக்கு இன்ஃபெக்ஷன் இன்னும் கொறையுதுன்னு தெரிஞ்சப்புறம் மாத்திட்டாங்க. சிசேரியனுக்கு ஆன்டிபயாட்டிக் போடுறதால கர்ப்பப்பை இன்ஃபெக்ஷன் பாதிக்கு மேல கொறையுது. எனக்கும் போட்டாங்க, ஆனாலும் வந்துச்சு, கொறைக்கும்னுதான் அர்த்தம், வரவே வராதுன்னு இல்ல.

நார்மல் டெலிவரி ஆனவங்க இதை படிச்சிட்டு நிம்மதியா மூடி வெச்சுட வேணாம். நச்சுக்கொடி தானா வராம கைய விட்டு எடுத்திருந்தாங்களா, ஆயுதம் போட்டோ வேக்யூம் வெச்சோ குழந்தைய எடுத்தாங்களா, கிழிசல் ஆசனவாய் தசை வரைக்கும் போச்சா, இதுல எது நடந்திருந்தாலும் உங்களுக்கும் ரிஸ்க் உண்டு. ஆயுத டெலிவரி விஷயத்துல 2019ல பிரிட்டன்ல பண்ண ஒரு பெரிய ஆய்வு இருக்கு, மூவாயிரத்து சொச்சம் பேர், பாதி பேருக்கு டெலிவரி முடிஞ்சதும் ஒரே ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் போட்டாங்க, மீதி பேருக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி. ஆறு வாரத்துல இன்ஃபெக்ஷன் ஆனது ஆன்டிபயாட்டிக் போட்ட பக்கம் 11 சதவீதம், உப்புத்தண்ணி பக்கம் 19. ஒரே ஒரு ஊசிக்கு இவ்ளோ வித்தியாசம். அதுக்குன்னு எந்த சிக்கலும் இல்லாம சாதாரணமா பெத்த எல்லாருக்கும் சும்மா ஆன்டிபயாட்டிக் எழுதுறதும் தப்பு, அதை உலக சுகாதார நிறுவனமே வேணாம்னு சொல்லுது. 2023ல ஏழு நாட்டுல நார்மல் டெலிவரிக்கு காத்திருந்த பொம்பளைங்களுக்கு வலி நேரத்துலயே 2 கிராம் அசித்ரோமைசின் ஒரு தடவை குடுத்து பாத்ததுல, அம்மாவுக்கு செப்சிஸோ (இன்ஃபெக்ஷன் முத்தி உறுப்புங்க செயலிழக்குற நிலை) சாவோ வர்றது 2.4 சதவீதத்துல இருந்து 1.6 ஆச்சு. நல்ல விஷயம்தான், ஆனா எல்லாருக்கும் குடுத்தா கிருமி மருந்துக்கு பழகிடுமோங்கிற பயமும் கூடவே இருக்கு, அதனால மெடிக்கல் ஷாப்ல நாமளா வாங்கி முழுங்குற சமாச்சாரம் இல்ல இது.

உடம்பு பக்கம் பாத்தா, ரத்தசோகை, சுகர், உடம்பு எடை அதிகம், எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குறது, டெலிவரில ரத்தம் அதிகம் போனது. எடை அதிகமா இருந்தா ஆபரேஷன் காயம் மடிப்புக்குள்ள போயி ஈரமாவே இருக்கும், அதுவும் இல்லாம கொழுப்புல ரத்த ஓட்டம் கம்மி, காயம் ஆறவும் லேட்டாகும், ஆன்டிபயாட்டிக் டோஸையே எடைக்கு ஏத்த மாதிரி கூட்டித்தான் போடணும். யூரின் ட்யூப் போட்டிருந்தா யூரின் இன்ஃபெக்ஷன் வரலாம், எரிச்சல் மட்டும்னா லேசுல போயிடும், முதுகுப்பக்கம் விலாவுக்கு கீழ வலியும் குளிரும் சேந்து வந்தா கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம்.

கை சுத்தம் பத்தி சொல்லணும்னா ஒரு பழைய கதை இருக்கு, அதை படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. 1847ல வியன்னா ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு, ஒண்ணுல டாக்டரும் மாணவர்களும், இன்னொண்ணுல மருத்துவச்சிங்க. டாக்டர் வார்டுலதான் அம்மாக்கள் காய்ச்சல் வந்து அதிகமா செத்தாங்க, ஏப்ரல் மாசம் 18 சதவீதத்துக்கு மேல. செம்மல்வெய்ஸ்னு ஒரு டாக்டர் கண்டுபுடிச்சாரு, பொணத்த அறுத்து படிச்சிட்டு அதே கையோட வந்து பிரசவம் பாக்குறாங்கன்னு. குளோரின் தண்ணில கை கழுவ வெச்சாரு, ஜூன் மாசம் அது 2 சதவீதத்துக்கு பக்கத்துல வந்துருச்சு. கூட இருந்த டாக்டர்களே நெறைய பேர் நம்பல, நாங்க கொல்றோமாங்கிற கோவம். மனுஷன் கடைசியில மனநல காப்பகத்துல 1865ல செத்துப்போனாரு. இப்பவும் வார்டுல ஒருத்தர் கை கழுவாம நம்மகிட்ட வந்தா கேக்க கூச்சமா இருக்கு பாருங்க, அந்த கூச்சத்தை விட்டுடுங்க.

வீட்ல கை கழுவுறது வேற மாதிரி. எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வந்து கழுவுவோம், டெலிவரி ஆனவங்க போறதுக்கு முன்னாடியும் கழுவணும், பேட் மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும். காரணம் ஏ குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி. சின்ன பசங்களுக்கு தொண்டை வலியா வர்ற அதே கிருமிதான், அவங்களுக்கு பெரும்பாலும் சாதாரணமா போயிடும், ஆனா புதுசா குழந்தை பெத்தவளுக்கு கர்ப்பப்பைல நச்சுக்கொடி ஒட்டியிருந்த எடம் இன்னும் பச்சைப்புண்ணா இருக்கு, அது வழியா உள்ள போச்சுன்னா மணிக்கணக்குல ஆளை சாய்ச்சிடும். மூத்த குழந்தைக்கு தொண்டை கரகரப்பு இருக்கும்போது அது கைய புடிச்சு கொஞ்சிட்டு அப்படியே பேட் மாத்தாதீங்க. இன்னொரு விஷயம், இந்த கிருமி வந்தா சில சமயம் வாடையே இருக்காது. அதனால "வாடை இல்ல, அப்ப இன்ஃபெக்ஷன் இல்ல"ங்கிற கணக்கு சரிப்படாது. வாந்தி, பேதி கூட வரும், சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனைச்சு விட்டுடுவாங்க. பாக்குறதுக்கு பெருசா ஒண்ணும் தெரியல, ஆனா வலி மட்டும் தாங்க முடியலன்னு ஒருத்தி சொன்னா, அவ சொல்றதை அப்படியே நம்பி கூட்டிட்டு போங்க.

பாராசிட்டமால் விஷயம். தையல் வலிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எழுதி குடுத்திருப்பாங்க, போடுங்க, வலியை பொறுத்துகிட்டு கெடக்க தேவையில்ல. ஆனா அது காய்ச்சலையும் சேத்து அமுக்கிடும். டெம்பரேச்சர் பாக்குறதா இருந்தா மாத்திரை போடுறதுக்கு முன்னாடி பாருங்க. அப்புறம் டெம்பரேச்சரை மட்டும் நம்பாம நாடியையும் பாருங்க, கையில கட்டுற வாட்ச்லயே இப்ப தெரியுது. சும்மா படுத்திருக்கும்போது கால் மணி நேரத்துக்கு மேல 110 தாண்டி நிக்குது, மூச்சு நிமிஷத்துக்கு 24 மேல போகுது, இல்ல டெம்பரேச்சர் 36க்கு கீழ போகுதுன்னா காய்ச்சல் இல்லாட்டியும் கெளம்பிடுங்க. ஆமா, கொறைஞ்சாலும் ஆபத்துதான், இது நெறைய பேருக்கு தெரியாது. பேச்சு கொழறுது, ஆள் சம்பந்தமில்லாம பேசுறா, யூரினே வரமாட்டேங்குது, கை கால் ஜில்லுன்னு தோல் திட்டுத்திட்டா நெறம் மாறுதுன்னா அது செப்சிஸா இருக்கலாம், கிருமியோட உடம்பு போடுற சண்டையில உறுப்புங்களே செயலிழக்க ஆரம்பிக்கிற கட்டம், அதுல ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் உள்ள போகணும்னு பாப்பாங்க. காலைல பாத்துக்கலாம்னு ராத்திரியை ஓட்டுற நேரம் இல்ல அது. ரத்த டெஸ்ட்ல வெள்ளை அணு ஏறியிருக்குன்னு மட்டும் பாத்து பயப்படவும் வேணாம், பிரசவத்துல அது எல்லாருக்குமே ஏறும்.

காயத்தை கண்ணாடியில பாக்க எனக்கு தைரியம் வரல, தொப்பை மடிப்புக்கு கீழ இருக்குறதால குனிஞ்சாலும் தெரியாது. எங்க வீட்டுக்காரர் தினமும் ஒரே நேரத்துல போன்ல போட்டோ எடுத்து வெச்சாரு. நேத்து போட்டோவும் இன்னைக்கு போட்டோவும் பக்கத்துல வெச்சு பாத்தா செவப்பு பரவுதா, வீங்குதா, நீர் கசியுதான்னு சட்டுனு தெரியும், டாக்டர்கிட்ட காட்டவும் வசதி. வலி நாளுக்கு நாள் கொறையணும். கொறைஞ்சிட்டு இருந்த வலி ஒரு வாரம் கிட்ட திரும்ப ஏறுச்சுன்னா போய் காட்டுங்க. கீழ தையல் போட்டவங்களுக்கும் இதே கதைதான், அங்க போட்டோ எடுக்க வெக்கப்பட்டுகிட்டு வாரக்கணக்கா உக்கார முடியாம கஷ்டப்பட்டவங்களை எனக்கு தெரியும்.

மார்பு இன்ஃபெக்ஷன் எனக்கு வரல, என் அண்ணிக்கு வந்துச்சு. ஒரு பக்கம் மட்டும், ஒரு துண்டு எடம் செவந்து சூடா, உடம்பு பூரா அடிச்சு போட்ட மாதிரி, 39 காய்ச்சல். சுத்தி இருந்தவங்க எல்லாம் "நல்லா அமுக்கி பிழிஞ்சு எடு, சுடுதண்ணி ஒத்தடம் குடு"ன்னாங்க. இப்ப டாக்டர்கள் அதுக்கு நேர் எதிரா சொல்றாங்க. அழுத்தி பிசைஞ்சா உள்ள சதை இன்னும் வீங்கும், அதிகமா பிழிஞ்சு எடுத்தா உடம்பு இன்னும் அதிகமா பால் சுரக்கும். வழக்கமா குடுக்குற மாதிரியே குழந்தைக்கு குடுக்கணும், நிறுத்தக்கூடாது, அந்த பால் குழந்தைக்கு கெடுதல் இல்ல. ஜில்லுன்னு ஒத்தடம், வீக்கம் கொறைய மாத்திரை, ஒரு நாள்ல தேறலைன்னா இல்ல மோசமாச்சுன்னா ஆன்டிபயாட்டிக். கட்டி மாதிரி தங்கிட்டா ஸ்கேன் பண்ணி சீழ் இருந்தா ஊசியில உறிஞ்சி எடுப்பாங்க. அண்ணிக்கு மாத்திரையிலயே சரியாச்சு.

ஆன்டிபயாட்டிக் போடும்போது தாய்ப்பால் குடுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. இந்த மாதிரி இன்ஃபெக்ஷனுக்கு வழக்கமா குடுக்குற மருந்துங்க பெரும்பாலும் பால் குடுத்துகிட்டே போட்டுக்கலாம், எனக்கு போட்ட ரெண்டும் அப்படித்தான், குழந்தைக்கு கொஞ்சம் இளகி போகலாம்னு மட்டும் சொன்னாங்க. எழுதுற டாக்டர்கிட்ட பால் குடுக்குறேன்னு மறக்காம சொல்லுங்க. என்னால தூக்க முடியாத நேரத்துல பம்ப் பண்ணி குடுத்தோம். பால் கொறைஞ்சுதான் போச்சு, திரும்ப ஏற டைம் எடுத்துச்சு, அழுகையும் வந்துச்சு, குழந்தை பெத்த சந்தோஷத்துல இருக்க வேண்டிய நேரத்துல ஆஸ்பத்திரி கட்டில்ல கெடக்குறோமேன்னு. அந்த அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்னு செக்கப்புல சொன்னாங்க, சொன்னேன், அது வேற பதிவுக்கான கதை.

ரெண்டாவது தடவை மாசமானப்ப முதல் செக்கப்புக்கே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துட்டு போனேன். புது டாக்டர் அதை படிச்சிட்டுதான் பிளானே போட்டாங்க: இரும்பு மாத்திரையை ஆரம்பத்துலயே ஒழுங்கா போட்டு ஹீமோகுளோபினை ஏத்துறது, சுகர் டெஸ்ட்டை தள்ளிப்போடாம எடுக்குறது, தண்ணி உடைஞ்சா வலி வரட்டும்னு வீட்ல உக்காராம அப்பவே வந்துடுறது. இந்த தடவை நாள் குறிச்சே சிசேரியன்னு முடிவாச்சு, கத்தி வெக்குறதுக்கு முன்னாடி ஊசி, போவிடோன் அயோடின்னு கிருமி கொல்ற மருந்து வெச்சு பிறப்புறுப்பை உள்ள சுத்தம் பண்றதுன்னு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்த சம்மரியில எனக்கு என்ன ஆன்டிபயாட்டிக் ஒத்துகிச்சு, கல்ச்சர்ல என்ன கிருமி வந்துச்சுன்னு கூட இருந்துச்சு, அதை பாத்துதான் மருந்தை முடிவு பண்ணாங்க. அதனால அந்த பேப்பரை வாங்கும்போதே தண்ணி உடைஞ்ச நேரம், நச்சுக்கொடி முழுசா வந்துச்சா, ரத்தம் எவ்ளோ போச்சு, கல்ச்சர் ரிசல்ட் இதெல்லாம் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா எழுதி குடுங்கன்னு கேளுங்க, போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பி வெச்சுடுங்க.